நீலப் பையில் நாய்கள்

பெப்ரவரி 4, 2008, திங்கள்

இன்று சொல்லாதது: "இது பிழை. அவர்கள் நாய்களைத் தின்றிருக்கிறார்கள்."

சொன்னது: "திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் எனக்கும் தெரியும்."

காலையில் மொன்றியலில் மைனஸ் இருபத்திரண்டு. பார்க் மெற்றோவின் கதவைக் காற்றுக்கு எதிராகத் திறக்க முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சப்பாத்தில், பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் கோடு. தேய்த்தும் போகவில்லை.

ஆய்வுகூடத்தில் வாராந்தக் கூட்டம். பேராசிரியர் (இனி பே.; முழுதாக எழுத இன்று மனமில்லை) கட்டுரையின் வரைவைத் திரையில் போட்டு வாசித்தார். ஆறு கடலாகிற இடத்தில், வடகரையில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சனம் இருந்த ஒரு முகாம். மண்ணில் அடுக்கடுக்காக மூன்று படை. அடியில் நல்ல காலம்: சீல் என்ற கடல்விலங்கின் எலும்பு குவியல் குவியலாக. நடுவில் கறுப்புப் படை: குளிர் இறுகி, கடற்பனி மாறி, சீல்கள் வராமல் போன காலம். மேலே வெறும் மணல். யாருமில்லை.

பே. வாசித்தார்: இந்தச் சமூகம் தன் உணவைப் பல்வகைப்படுத்தி, குளிருக்கு வெற்றிகரமாக இசைவடைந்தது. பிறகு இடம்பெயர்தலை ஓர் உத்தியாகத் தெரிவு செய்தது. முடிவுரை: மாறும் காலநிலையை எதிர்கொள்ளும் நமக்கு இதில் நம்பிக்கையூட்டும் பாடம் உண்டு.

நமக்கு என்றால் யாருக்கு?

மரி (எதிர் மேசை, முனைவர் பட்ட மாணவி) தலையாட்டினாள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். இந்தக் கழுத்து அதுபாட்டுக்கு ஆடுகிறது.

ஏன் சொல்லவில்லை: (1) எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக ஆய்வுகூட உதவியாளரான என் பெயர். முனைவர் படிப்புக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டும். (2) பிழை முதலில் என்னுடையது.

வாங்க வேண்டியது: பால், மல்லித்தூள், கால்மேசு.

பெப்ரவரி 5, செவ்வாய்

என் பிழையை எழுதி வைக்கிறேன். பிறகு நானே அதை அழகாக்கிவிடக் கூடாது.

ஆய்வுகூடத்தில் ஒரு படிவம். எலும்பை எடு, எந்த விலங்கு என்று பார், கட்டத்தில் குறி. சீல், காட்டுமான், முயல், பறவை, மீன். இவை எல்லாம் "உணவு". நாய்க்குக் கட்டம் இல்லை. நாய் எலும்பு வந்தால் நீலப் பையில் போட்டு, "உணவல்லாதவை" என்று எழுதி, அடித்தளத்தில் ஒரு லாச்சியை இழுத்து அதில் வைக்க வேண்டும். படிவம் எனக்கு முன்பே இருந்தது. அதைச் செய்தவர்களின் வீட்டில் நாய் கட்டிலில் படுத்திருக்கும். தட்டில் வராது. அதனால் உலகத்தில் எங்கும் வந்திராது.

இரண்டு வருடம் நான் அப்படியே போட்டேன். ஒன்றைக்கூட உருப்பெருக்கி வில்லைக்கடியில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. பார் என்றும் சொல்லவில்லை.

போன வியாழன் ஒரு பை கிழிந்திருந்தது. மாற்றும்போது ஒரு தொடை எலும்பில் விளக்கு வெளிச்சம் சாய்வாகப் பட்டது. இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் நான்கு மெல்லிய கோடு, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக. தோலுக்காக மட்டும் உரித்தால் வெட்டு மூக்கருகிலும் பாதத்திலும் விழும். இது மூட்டு. மூட்டைக் கழற்றுவது இறைச்சிக்கு. அடுத்த பை. அடுத்தது. மூளைக்கு உடைத்த மண்டை. மஜ்ஜைக்குப் பிளந்த கால் எலும்பு. எல்லாம் கறுப்புப் படையிலிருந்து.

அடியிலிருந்த படையின் நாய்கள் அப்படியல்ல. அவை முழுதாக இருக்கின்றன. சுருண்டு படுக்க வைத்து, மூக்கை வாலோடு சேர்த்து, விலாவில் ஒரு தட்டைக் கல் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தோண்டியபோது எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை நானே கோப்பில் அடுக்கினேன்.

அந்தச் சனம்தான். அதே நாய்கள்தான்.

வரும் வழியில் கடையில் முதலாளி அண்ணை, யாழ்ப்பாணத்தார்:

"என்ன பிள்ளை, இன்னும் எலும்புதானோ?"

"ஓம் அண்ணை."

"கிளறி முடிய எத்தினை வருசம்? அதுக்குள்ள கணக்கியல் படிச்சு நாலு பேருக்கு வரி நிரப்பியிருக்கலாம்." பிறகு, மிச்சக் காசைத் தரும்போது, உண்மையான அக்கறையோடு: "அந்த நாளில இந்தக் குளிருக்கு என்ன செய்ததுகள்? ஹீற்றரும் இல்லை."

அதைத்தான் அண்ணை படிக்கிறேன் என்றேன்.

"ஆ, அப்ப கண்டுபிடிச்சுச் சொல்லு. பேந்து ஹீற்றர் போடாத எங்கட வீட்டுக்காரனுக்கும் ஒருக்காச் சொல்லு."

பெப்ரவரி 6, புதன்

விபூதிப் புதன். அம்மா தேவாலயத்தில் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேரே டோர்வலில் வேலைக்கு. விமானச் சாப்பாடு அடைக்கிற இடம். நெற்றிச் சாம்பலைத் துடைக்கச் சொன்னாளாம் மேற்பார்வைக்காரி, சுகாதாரத்துக்காக. அம்மா தலைவலையை இன்னும் கீழே இழுத்து மறைத்துக்கொண்டு வேலை செய்தாளாம். சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கிழமை எதற்கும் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் குசினியில், பருப்பும் சொதியும் முடிந்த பிறகு, அவளிடம் சொன்னேன். ஏன் அவளிடம் என்று தெரியாது. வேறு யாரும் இல்லை, அதுதான்.

"நாயையா? ஆரு, இந்த வெள்ளக்காரரா?"

"இல்லம்மா. அவங்களுக்கு முதல் இருந்த சனம். இப்பயும் இருக்காங்க, வடக்க."

"அப்ப எழுதாத."

"ஏன்?"

"நாய்தின்னியள் எண்டு கூப்பிடுவானுகள். நீ எழுதிப்போட்டு மற்ற வேலையப் பாக்கப் போயிருவாய். பள்ளிக்கூடத்தில அதுகள்ட புள்ளயளுக்கு ஆரு பதில் சொல்ற?"

இதை நான் யோசிக்கவில்லை. இரண்டு வருடமாக யோசிக்கவில்லை. என்மேல் இருந்த கோபத்தில் இன்னும் ஒன்று கூடியது.

கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், அம்மா:

"தொண்ணூறில சண்டைக்கு ஓடிக் காட்டுக்குள்ள இருந்தமே. கஞ்சி குடிச்சது ஞாபகம் இரிக்கா ஒனக்கு?"

"ஓம்." இருக்கிறது. எனக்கு ஏழு வயது. நல்ல ருசி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அது விதநெல்லு. அடுத்த விதைப்புக்கு ஒங்கப்பா கட்டி வெச்ச மூட்ட. நான்தான் இடிச்சன். அவர் கிட்டயே வரல்ல, அங்கால திரும்பி இரிந்தார்."

பிறகு அகதி முகாமுக்கு வந்தபோது ஒரு பெடியன் தாளும் பேனையுமாக வந்தானாம். காட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? அம்மா அரிசி என்றாள். அவன் அரிசி என்று எழுதினான்.

"விதநெல்லு எண்டு ஏன் சொல்லல்ல?"

"வெக்கம் புள்ள. வாற போகத்தத் தின்னுட்டு வந்து நிக்கிறம் எண்டு ஒரு சின்னப் பெடியனுக்கு எப்பிடிச் சொல்ற?"

எங்கேயோ ஒரு அலுவலகத்தில் அந்தத் தாள் இருக்கும். அரிசி. உணவு: போதும். பல்வகைப்பட்டது.

பெப்ரவரி 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பே. நல்லபடியாகக் கேட்டார். அதுதான் கஷ்டம். கத்தியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வில்லைக்கடியில் நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு எலும்பாகத் திருப்பினார். "அழகு," என்றார் பிரெஞ்சில். வெட்டுக் கோடுகளை.

"இதைச் சேர்க்க வேண்டும். ஒரு பந்தி எழுது. கட்டுரை பதினைந்தாம் தேதி சஞ்சிகைக்குப் போகிறது."

"முடிவுரையும் மாறும்," என்றேன்.

"முடிவுரை வலுப்படும்," என்றார்.

மரி தோளில் தட்டினாள். நல்ல பிடி பிடித்தாய் என்றாள். மீன் பிடித்ததுபோல.

பெப்ரவரி 10, ஞாயிறு

பகல் முழுக்க ஒரு பந்தி. வெளியே பனி கொட்டுகிறது. தம்பி மேல்மாடிக்கு ஏறும் வெளிப்படிகளில் பனி வழிக்கப் போகாமல் ஹொக்கி பார்க்கிறான். "அக்கா குப்பை பற்றிக் கட்டுரை எழுதிறா" என்று யாருக்கோ தொலைபேசியில் பிரெஞ்சில் சொல்கிறான். சரிதான்.

அம்மா சொன்னதைத் தலைக்குள் வைத்துக்கொண்டே எழுதினேன். மறைக்க மாட்டேன். எலும்பில் இருப்பதை இல்லை என்று எழுத முடியாது. ஆனால் எதற்குப் பிறகு எது என்பதைச் சொல்லாமல் வெட்டை மட்டும் சொன்னால் அது பொய். மூன்று வசனம்தான் முக்கியம்:

இவர்கள் தங்கள் நாய்களைப் புதைத்தவர்கள். சுருட்டிப் படுக்க வைத்து, மேலே கல் வைத்து.

சீல் வராத குளிர்காலங்களில், அவர்கள் அந்த நாய்களைக் கொன்று உண்டார்கள்.

அதற்குப் பிறகு இந்த இடத்தில் யாரும் இல்லை.

நாய்தான் சாமான் சுமந்தது, நாய்தான் பனிக்கட்டியில் சீல் மூச்சு விடும் துளையை மோப்பம் பிடித்துக் காட்டியது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் அவர்கள் தின்றது அடுத்த வேட்டையை. இதை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "இருக்கலாம்" என்று சேர்த்தேன். "இருக்கலாம்" இல்லாமல் எங்கள் துறையில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

அனுப்பியாயிற்று.

பெப்ரவரி 12, செவ்வாய்

பந்தி திரும்பி வந்தது. சிவப்புக் கோடுகளோடு.

முதல் வசனம்: முழுதாக வெட்டு. ஓரத்தில் குறிப்பு: "புதைப்புகள் வேறு கட்டுரைக்கு. இங்கே திசைதிருப்பும்."

இரண்டாவது: "நாய்கள் ஒரு சேமிப்பு உணவு வளமாகப் பயன்பட்டன. இது இசைவாக்கத்தின் நெகிழ்ச்சியைக் காட்டுகிறது."

மூன்றாவது: "முகாம் பின்னர் கைவிடப்பட்டது." ஏதோ ஒரு பழைய கதிரையைத் தெருவில் விட்டதுபோல.

சேமிப்பு உணவு வளம். சுருட்டிப் புதைத்தவர்களுடைய நாய். அந்த வசனத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? நாய் வளர்த்துத் தின்கிற சனம். அம்மா ஒரு நொடியில் கண்டதை இந்தப் படித்த மனிதர் காணவில்லை. அல்லது கண்டார்.

தேத்தண்ணி இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு இளநிலை மாணவர்கள். மரி சொல்லியிருக்க வேண்டும்.

"நாயையா? உண்மையாகவா?"

"உண்மையாக. ஹொட் டோக்."

சிரிப்பு. என்னைக் கண்டதும் ஒருவன் வழிவிட்டான், மரியாதையாக. கோப்பையை நிரப்பாமலே திரும்பி வந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மறுபடி ஒன்று, சொல்லாதவற்றில்.

யோசித்துப் பார்த்தால் "இசைவாக்கம்" எவ்வளவு வசதியான சொல். பசித்தவன் முகம் அதில் தெரியாது. யார் முதலில் கத்தியை எடுத்தது, யார் அங்கால் திரும்பி இருந்தது, ஒன்றும் தெரியாது. தப்பியவர்களை எண்ணி, தப்பியதால் அது நல்ல வழி என்று எழுதலாம். எங்களையும் அப்படி எழுதலாம். கிழக்கிலிருந்து மொன்றியல்: இடம்பெயர்தலை ஓர் உத்தியாகத் தெரிவு செய்தனர். அப்பா புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டி தூக்குவது தொழிற் பல்வகைப்படுத்தல்.

பல்லைக் கடித்துத் தாடை வலிக்கிறது.

பெப்ரவரி 14, வியாழன்

பே.யின் அறை. வாசலில் யாரோ ஒட்டிய காகித இதயம். கதவை மூடிவிட்டுத்தான் பேசினேன்.

"முதல் வசனம் திரும்ப வர வேண்டும்."

"இடமில்லை. சொல் எண்ணிக்கை."

"ஒரு வசனம்தானே."

"ஒரு வசனம்தான். அப்படியானால் ஏன் அதற்கு இவ்வளவு?" பிறகு மென்மையாக: "நீ இதில் மிகவும் நெருங்கிவிட்டாய். விளங்குகிறது. உன் பின்னணி."

இங்கேதான் நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தது. என் பின்னணியில் யாரும் நாய் தின்னவில்லை என்றேன். படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லாமல் போனது யாருடைய பின்னணி என்றும் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. படிவம் தான் செய்தது என்றார். எனக்கு அது தெரியாது. இப்போது தெரியும்.

"புதைப்பு வசனம் இல்லையென்றால் என் பெயர் வேண்டாம்," என்றேன்.

"யோசித்துச் சொல்."

"யோசித்துத்தான் சொல்கிறேன்." பொய். யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. ஆனால் வந்த பிறகு அதை மாற்ற மனம் வரவில்லை.

பெப்ரவரி 15, வெள்ளி

கட்டுரை போய்விட்டது. பெயர்கள்: பே., மரி. நான் எண்ணிய அட்டவணை இருக்கிறது. நான் கண்ட வெட்டுக்கள் இருக்கின்றன, படத்தோடு. சேமிப்பு உணவு வளம் இருக்கிறது. கடைசியில் "ஆய்வுகூட உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி. உதவியவரின் பெயர் அதில் இல்லை.

மரி மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தாள். "ஒரு வசனத்துக்காக," என்றாள். "ஒரே ஒரு வசனத்துக்காக." பிறகு தன் கேக்கில் பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன். அதற்கும் என்மேல் கோபம்.

மார்ச் 10, திங்கள்

பனி மதில் உயரம். தெருவில் கார்கள் எங்கே என்றே தெரியவில்லை.

இந்தக் கிழமை வேலை: முகாம் இருந்த கரைக்குப் பக்கத்து ஊருக்கு வருடாந்தக் கடிதம். அந்தச் சனத்தின் பிள்ளைகளின் பிள்ளைகள் இருக்கிற ஊர். தோண்ட அனுமதி தந்தபோது அவர்கள் கேட்ட ஒரே விஷயம் அது: ஒவ்வொரு வருடமும் என்ன கண்டீர்கள் என்று விளங்கும் பிரெஞ்சில் எழுதி அனுப்புங்கள். எழுதுவது எப்போதும் உதவியாளர். "வழக்கம்போல ஒரு பக்கம்," என்று பே. சொல்லிவிட்டு, கீழே கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுத் தாளைத் தந்தார்.

நான்கு பக்கம் எழுதினேன். கல் வைத்த நாய்கள், படத்தோடு. பிறகு வெட்டு. பிறகு மணல். நீலப் பையைப் பற்றியும், அதில் இரண்டு வருடம் போட்டது நான் என்றும். இசைவாக்கம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கையெழுத்துத் தாளை விட்டுவிட்டு என் பெயரைப் போட்டேன்.

தபாலில் போட்ட பிறகு பயமாக இருந்தது. அம்மா கேட்டதுதான். அதுகளின் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

ஏப்ரல் 17, வியாழன்

பனி உருகித் தெரு முழுக்க ஒற்றைக் கையுறைகள்.

ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி. கடிதம் போன ஊரின் பேரவை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். பெயர் சொன்னார். இங்கே எழுதவில்லை.

"வழக்கமாக ஒரு பக்கம்தான் வரும்," என்றார். "இந்த முறை பேரவைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தோம். இரண்டு பேர் மாறி மாறி வாசிக்க வேண்டியிருந்தது."

மன்னிக்கவும் என்றேன்.

"எதற்கு? இரண்டு வருடம் பையில் வைத்திருந்ததற்கா, நீளத்துக்கா?"

"பைக்கு."

"சரி." பின்னால் யாரோ அவர்களுடைய மொழியில் ஏதோ கேட்பதும் இவர் பதில் சொல்வதும் கேட்டது. "கல் வைத்துப் புதைத்த நாய்கள் இப்போது எங்கே?"

"அடித்தளத்தில். லாச்சியில்."

"கல்?"

கல் வேறு பெட்டி. வேறு அறை. அதையும் சொன்னேன்.

"வெட்டியவை?"

"பக்கத்து லாச்சியில்."

"எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டு எழுதப் போகிறோம். கல்லோடு. அதுவரை ஒன்றாக வைத்திருக்க முடியுமா? ஒரே இடத்தில்."

முடியும் என்றேன். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டா என்று யோசிக்கவில்லை. மத்தியானமே கல்லைக் கொண்டுவந்து வைத்தேன். பைகளைக் கொண்டுவந்து வைத்தேன். "உணவல்லாதவை" சீட்டுகளைப் பிய்த்தேன். பசை நல்ல பசை. நகம் கிழிந்தது.

மே 6, செவ்வாய்

அவர்களுடைய கடிதம் வந்திருக்கிறது. பே. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுகூட வாசலில் நின்றார்.

"இவர்களுக்கு யார் சொன்னது?"

"நான். வருடாந்தக் கடிதத்தில்."

"என் கையெழுத்தோடா?"

"இல்லை. என் கையெழுத்தோடு."

மரி மடியில் இருந்த எலும்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பே. கடிதத்தை மடித்தார். நான்காக, பிறகு எட்டாக. குழு கூடி முடிவெடுக்கும் என்றார். எந்தக் குழு என்று கேட்டேன். இனித்தான் அமைக்க வேண்டும் என்றார்.

ஜூன் 2, திங்கள்

குழு இன்னும் கூடவில்லை. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கல்லும் நாய்களும் ஒரே இடத்தில் இருக்க, காலையில் ஆய்வுகூடச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.